தொலைய மறுத்த டப்பா பற்றிச் சம்பந்திக்கு

மாதா கோயில் யாத்திரிகர் விடுதி,
மாடியில் கடைசி அறை,
செவ்வாய்க்கிழமை காலை.

பெருமதிப்பிற்கும் பெரும் முழங்கால் வலிக்கும் உரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம். இரண்டு குதிகாலுக்கும் சேர்த்து மூன்று கொப்புளங்கள் நீங்கலாக, மற்றபடி நலம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகளும், நம் இருவருக்கும் பேரனாக வந்து பிறந்து நம்மில் ஒருவரை மட்டும் நடக்கவைத்திருக்கிற குட்டி ராஜாவும் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். என் மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள்ளவும்.

இந்த யாத்திரை எப்படி ஏற்பட்டது என்பதை முதலில் எழுத்தில் வைத்துவிடுகிறேன், பிற்பாடு யாரும் வேறு மாதிரி சொல்லிவிடக் கூடாது. குழந்தை ஏழாம் மாதமே அவசரப்பட்டு வந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கையளவு கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் இரண்டு கையையும் தூக்கி, "மாதாவே, புள்ளை பிழைச்சு வீட்டுக்கு வந்தா, தாத்தா மலைக்கோயிலுக்கு நடந்தே வருவாரு!" என்று நேர்ந்துகொண்டவர் தாங்கள். அதைக் கேட்டு நர்ஸ் உட்பட எல்லாரும் கண்கலங்கினார்கள். நானும்தான். எந்தத் தாத்தா என்று தாங்கள் சொல்லவில்லை என்பதை அந்த நிமிஷத்தில் கவனிக்காமல் கோட்டைவிட்டேன். நாற்பத்தொரு நாள் கழித்துக் குழந்தை வீட்டுக்கு வந்த அன்று, கேக் வெட்டுவதற்கு முன்னாலேயே தாங்கள் ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தீர்கள். நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முழங்கால்தான், மறுக்கவில்லை. யாருடைய முழங்கால் என்பதற்குத்தான் படத்தில் ஆதாரம் இல்லை. தப்பாக நினைக்க வேண்டாம். பஸ் டெப்போவில் தொலைந்த பொருள் பிரிவில், கம்பி வைத்த ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரே கறுப்புக் குடைக்கு ஒரே நாளில் நாலு பேர் சொந்தம் கொண்டாடி, நாலு பேரும் கடவுள்மேல் சத்தியம் செய்ததைப் பார்த்தவன். மனிதர்கள் வாய் திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

சரி, புறப்பட்டேன். ஒரு தோள்பை, ஒரு தண்ணீர்ப் புட்டி, ஜெபமாலை, யாராவது வழிமறித்தால் ஊதுவதற்கு ஒரு விசில். முதல் நாள் மத்தியானம் வரை யாரும் வழிமறிக்கவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அப்புறம் ஒரு சின்ன ஊர் வந்தது. மருந்துக்கடையை ஒட்டி ஒரு சந்து, சந்து முனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி போடுகிற ஒரு அம்மாள். அறுபது வயதிருக்கும். என்னைக் கண்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ஐயா, மலைக்கோயிலுக்கா நடக்கிறீங்க?"

"ஏன் கேக்கறீங்க?" என்றேன்.

"சட்டை கசங்கிப் போயிருக்கே. கழட்டிக் குடுங்க, ரெண்டு நிமிஷத்துல தேச்சுத் தர்றேன். மாதாவைப் பார்க்கப் போறவரு இப்படியா போவாரு? காசெல்லாம் வேண்டாம்."

காசு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் நான் உடனே பையின் வாயைப் பிடித்துக்கொள்கிற ஆள். பிடித்துக்கொண்டேன். ஆனால் சட்டை உண்மையிலேயே கசங்கித்தான் இருந்தது, வெயிலும் அதிகம், வண்டிக்கு மேலே நிழல் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன் சம்பந்தி. சட்டை அந்த அம்மாள் கையில், நான் பனியனோடு நடுத்தெருவில், ஓடவும் முடியாது, நிற்கவும் கூச்சம். அந்தச் சமயம் பார்த்து அவர் வண்டிக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். நீல நிற பிஸ்கட் டப்பா, பெரியது, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, சணலால் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருந்தது. என் கையில் வைத்தார். உள்ளே கலகலவென்று ஏதோ உருண்டது.

"இதைக் கொண்டு போய் மாதா கிட்ட வச்சிடுங்கய்யா. வருஷா வருஷம் நடந்து போறவங்க கிட்ட குடுத்து விடுவேன். வண்டியை விட்டுட்டு என்னால வர முடியாது."

"உள்ள என்ன இருக்கு?"

"என்னுது எதுவும் இல்லய்யா."

பையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். முப்பத்தொரு வருஷத்தில் 'என்னுது, என்னுது' என்று ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 'என்னுது இல்லை' என்று யாரும் சொன்னதில்லை. சொன்னவர்கள் போலீஸ் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் மட்டும்தான்.

"அப்ப யாருது?"

"அது தெரிஞ்சா நானே குடுத்துட மாட்டேனா? தெரியாததாலதான் மாதா கிட்ட குடுக்கச் சொல்றேன்."

திருட்டுச் சாமான்! சந்தேகமே இல்லை. ஆனால் சட்டை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. காலரை வேறு நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் என் பங்குக்கு ஒரு காகிதம் கிழித்து, 'மூடிய நிலையில் ஒரு டப்பா, உள்ளிருப்பது தெரியாது, குலுக்கினால் சத்தம் வரும்' என்று எழுதி, கையெழுத்துப் போடும்படி நீட்டினேன். பெயரை அழகாக எழுதினார். காகிதம் என் சட்டையைப் போலவே கசங்கியிருந்ததால் அதையும் இஸ்திரிப் பெட்டியால் ஒரு தேய்ப்புத் தேய்த்து, மடிப்பே இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். ரசீதை இஸ்திரி போட்டுக் கொடுக்கிற அளவுக்குத் துணிச்சல் உள்ளவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை என்று அப்போதே முடிவு செய்தேன். டப்பா பைக்குள் போகவில்லை. பையின் வெளிப்பக்கம், என் முதுகிலே வைத்து, அவரே கட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் பத்து மைல் தள்ளி இன்னொரு ஊர். ஒரு ரொட்டிக் கடை வாசலில் கொஞ்சம் நின்றேன். கடைக்காரர் கையெல்லாம் மாவோடு வெளியே வந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டப்பா பத்திரமா இருக்கா ஐயா?" என்றார். என் முகத்தில் ஈயாடவில்லை. பத்து மைலுக்கு அப்பால் இருக்கிற மனிதருக்கு என் டப்பா எப்படித் தெரியும்? "எந்த டப்பா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த முழு ரொட்டி ஒன்றை என் கையில் திணித்தார். ஊர் எல்லை தாண்டியதும் ஒரு பாலத்தின்மேல் உட்கார்ந்து அந்த ரொட்டியைப் பேனாக்கத்தியால் பதினாறு துண்டு போட்டுப் பார்த்தேன். உள்ளே ரொட்டிதான் இருந்தது. நல்ல ரொட்டி. பதினாறு துண்டையும் சாப்பிட்டேன், ஆனால் சந்தேகத்தோடுதான் சாப்பிட்டேன்.

இதற்குப் பிறகு எனக்கு ஒரே யோசனை. டப்பாவைக் கைகழுவ வேண்டும். தூக்கி எறிந்தால் ஆதாரத்தை அழித்ததாக ஆகும். ஆனால் மறந்து வைத்துவிட்டால்? உலகத்தில் ஒரு பொருளைத் தொலைப்பது எவ்வளவு சுலபம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? பொய்ப்பல் செட்டைத் தொலைத்தவர்கள் உண்டு. ஊன்றுகோலைத் தொலைத்துவிட்டு நடந்து போனவர்கள் உண்டு. ஒருவர் மாமியாரையே எங்கள் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போனார். அந்த அம்மாள் என் ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் தொலையும்போது ஒரு பிஸ்கட் டப்பா தொலையாதா?

அன்று மத்தியானம் ஒரு ஆறு குறுக்கிட்டது. படகில் ஏறினேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பையை அவிழ்ப்பது போல அவிழ்த்து, டப்பாவைப் பலகைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, அக்கரையில் முதல் ஆளாக இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஒரு மைல் போயிருப்பேன். மனது லேசாக இருந்தது, ஒரு பாட்டுக்கூடப் பாடினேன். பின்னால் திமுதிமுவென்று ஓடிவருகிற சத்தம். படகுக்காரர். சொட்டச் சொட்ட நனைந்து, மூச்சு வாங்க, டப்பாவைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

"மறந்துட்டீங்களே சார்! நல்ல வேளை, திரும்பிப் போறப்ப பாதி ஆத்துல பார்த்தேன். நீந்தியே வந்துட்டேன்."

"படகு?"

"அது அங்கதான் நிக்குது. ஜனங்க பிடிச்சுக்கிட்டு இருக்காங்க."

திரும்பிப் பார்த்தால், தூரத்தில் ஆற்றின் நடுவே படகு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதில் புதிதாக ஏறியிருந்த பத்துப் பேரும் எங்களைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். நானும் அசடு வழியக் கையசைத்தேன். வேறு என்ன செய்ய?

மூன்றாம் நாள் இன்னும் கவனமாக இருந்தேன். ஒரு முடிதிருத்தும் கடையில் முகச்சவரம் செய்துகொண்டேன். அவர் பின்பக்கம் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், துவைக்கப் போட்டிருந்த துண்டுக் குவியலுக்கு அடியில் டப்பாவை வைத்து, மேலே நாலு துண்டைப் போட்டு மூடினேன். சட்டென்று யாருக்கும் தெரியாது. சாயங்காலத்துக்குள் ஏழு மைல் கடந்துவிட்டேன். ஒரு ஸ்கூட்டர் வந்து என் பக்கத்தில் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டி வந்தவருக்கு ஒரு கன்னம் மழுமழுவென்றும் மறு கன்னம் முழுக்க உலர்ந்த சோப்பு நுரையுமாக இருந்தது. கழுத்தில் துண்டு. பின்னால், டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்தபடி, முடிதிருத்துபவர்.

"துண்டு எடுக்கும்போதுதான் சார் பார்த்தேன். இவருதான் வண்டி வச்சிருந்தாரு. பாதி சவரத்துல எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அரைச்சவரக்காரர் என்னைப் பார்த்து, "பரவாயில்ல சார், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல," என்றார். அவர் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தவராம். அவருடைய அண்ணன் கல்யாணம்!

இப்போது சொல்லுங்கள் சம்பந்தி, இதெல்லாம் இயல்பா? முன்பின் தெரியாத மனிதனின் டப்பாவுக்காக ஆற்றில் குதிப்பதும், பாதி முகத்தோடு ஏழு மைல் வண்டி ஓட்டுவதும் நல்ல மனிதர்கள் செய்கிற காரியமா? நல்ல மனிதர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்வார்கள், அதோடு போய்விடுவார்கள். இது ஒரு கும்பல். வழிநெடுக ஆள் வைத்திருக்கிறார்கள். டப்பா என் முதுகைவிட்டு இறங்கக் கூடாது என்பதில் எல்லாரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருக்கிறார்கள்.

நாலாம் நாள் காலை நேரே ஒரு போலீஸ் சாவடிக்குள் நுழைந்தேன். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு ஏட்டம்மா. டப்பாவை மேஜைமேல் வைத்து, நான் யார், என் அனுபவம் என்ன, எந்தெந்த ஊரில் எந்தெந்த ஆள் மேல் சந்தேகம் என்று வரிசையாகச் சொல்லி, தேய்த்த ரசீதையும் காட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கத்தரிக்கோலை எடுத்துச் சணலை வெட்டினார். நான் இரண்டடி தள்ளி, கதவோரம் நின்றுகொண்டேன். வெடித்தால் என் பேரனுக்கு ஒரு தாத்தாவாவது மிஞ்சட்டும் என்று உங்களை நினைத்துக்கொண்டேன்.

மூடி திறந்தது. வெடிக்கவில்லை. பொத்தான்கள்.

டப்பா நிறையப் பொத்தான்கள் சம்பந்தி. சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், பள்ளிக்கூடச் சீருடைப் பொத்தான், குழந்தைச் சட்டையில் வைக்கிற அரிசி அளவு சின்னப் பொத்தான்.

"இஸ்திரி அம்மாவோடதுதான்," என்றார் ஏட்டம்மா. "போன மாசம் வரைக்கும் அந்த ஊர்லதான் எனக்கு டியூட்டி, என் யூனிபார்மையும் அவங்கதான் தேய்ப்பாங்க. தேய்க்கும்போது பொத்தான் கழண்டு விழும் இல்ல? எந்தச் சட்டையிலிருந்து விழுந்துதுன்னு தெரிஞ்சா அங்கயே தைச்சுடுவாங்க. தெரியலைன்னா தன் கைக்காசுல வாங்கின பொத்தானைப் போட்டுத் தைச்சு அனுப்பிட்டு, விழுந்ததை எடுத்து வைப்பாங்க. அடுத்தவங்க பொருளை வச்சுக்கவும் மனசு வராது, குப்பையில போடவும் மனசு வராது. அதான் மாதா கிட்ட அனுப்பறது."

"ஒரு பொத்தானுக்கா?"

"ஒரு பொத்தானுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே ஏட்டம்மா தன் சீருடைக் கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒரு பொத்தான் மற்றதைவிடப் புதிதாக இருந்தது. டப்பாவுக்குள் விரலை விட்டுக் கிளறி, அதே மாதிரி பழைய பொத்தான் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்ப உள்ளேயே போட்டுவிட்டார்.

"ஏன், உங்களுதுதானே?" என்றேன்.

"மாதிரி இருக்கு. ஆனா நிச்சயமாத் தெரியலையே சார்."

ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அப்புறம், எல்லா ஊர்க்காரர்களுக்கும் என் டப்பா எப்படித் தெரிந்தது என்ற முக்கியமான கேள்வியைக் கேட்டேன். ஏட்டம்மா எழுந்து என் பின்னால் வந்து நின்று, "அதை முதுகுல கட்டி, எல்லாருக்கும் தெரியற மாதிரிதானே சார் நடக்கிறீங்க?" என்றார். இந்த விளக்கத்தை நான் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நேற்று மத்தியானம் மலை ஏறி முடித்தேன். கோயில் பொறுப்பாளர் டப்பாவை வாங்கி, "இந்த வருஷம் கனமா இருக்கே," என்று சொல்லி, பீடத்துக்கு அடியிலிருந்த ஒரு மரப்பெட்டியைத் திறந்து கொட்டினார். பெட்டி முக்கால்வாசி நிறைந்திருந்தது. கொட்டிய சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது. நான் முழந்தாளிட்டேன். பேரனுக்காக வேண்டிக்கொண்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அவன் என் சுண்டுவிரல் நகத்தைப் பிடித்தானே, அந்தப் பிடியை விட்டுவிடாமல் வளரட்டும் என்று கேட்டேன். என் மகளுக்காக, மாப்பிள்ளைக்காக, சம்பந்தியம்மாவுக்காக, தங்கள் முழங்காலுக்காகவும் கேட்டேன். நேர்ச்சை நிறைவேறிவிட்டது. கணக்கில் இனி என் பெயர் இல்லை.

மொத்தத்தில் என் கருத்து இதுதான். இந்த வழியில் இருக்கிறவர்களை நம்பக் கூடாது. எல்லாரும் சேர்ந்து நல்லவர்கள் மாதிரி நடிக்கிறார்கள். ஐந்து நாளும் பார்த்துவிட்டேன், ஒருவராவது ஒரு நிமிஷமாவது நடிப்பை விட வேண்டுமே! விடவில்லை. அவ்வளவு கட்டுக்கோப்பு. இனிமேல் தாங்கள் எதற்காவது நேர்ந்துகொண்டால், தயவுசெய்து எந்தத் தாத்தா என்று மாதாவுக்குத் தெளிவாகச் சொல்லிவிடவும்.

தங்கள் குடும்பத்தார் எல்லாருக்கும் என் அன்பும் ஆசீரும். குட்டி ராஜாவின் நெற்றியில் என் பேரில் ஒரு சிலுவை போடவும், கையைக் கழுவிவிட்டுப் போடவும். மாதாவின் அடைக்கலத்தில் தாங்கள் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
நடந்து வந்த தாத்தா.

பின்குறிப்பு: சம்பந்தி, மேலே எழுதியிருக்கிற ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிடுங்கள். இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. நேற்றுச் சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தேன். ஒன்றைச் சொன்னேன். சாமியார், "இதை யாருக்குச் சொல்லணும்னு உங்களுக்கே தெரியுமே. நாளைக்கே எழுதிடுங்க," என்றார். காலையிலிருந்து எழுதுகிறேன், பேனா அந்தப் பக்கமே போகவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை கையில் நான் கட்டிய கைக்கடிகாரம் கடையில் வாங்கியது இல்லை. பஸ்ஸில் கிடைத்தது. ஓய்வு பெற்ற ஒரு தபால்காரருடையது, வேலையின் கடைசி நாளன்று உடன் வேலை செய்தவர்கள் அவருக்குப் பரிசாகப் போட்டது. அவர் மூன்று தடவை என் ஜன்னலுக்கு வந்தார். பச்சை முகப்பு, தங்க முலாம், பின்மூடியில் இரண்டு எழுத்து என்று எல்லாம் சரியாகச் சொன்னார். கடிகாரம் என் மேஜை இழுப்பறையில் இருந்தது. கல்யாணத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. 'வரவில்லை' என்று சொன்னேன். மூன்றாவது தடவை அவர், "நீங்க இவ்வளவு தேடினதே போதும் சார்," என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு எழுத்து என்ன என்று தாங்கள் கேட்டபோது, தரமுத்திரை என்றேன். தாங்கள் நம்பினீர்கள். தாங்கள் நம்பினது எனக்கு அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. அவர் மனுவில் எழுதிக்கொடுத்த முகவரி எனக்கு மனப்பாடம். எட்டு வருஷமாக அந்தத் தெருவில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். மாப்பிள்ளையிடம் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஏன் என்று கேட்டால், உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன். அவர் இல்லாவிட்டால் அவர் வீட்டில் யாராவது இருப்பார்கள். என் மகளிடம் மட்டும் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். நான் வரும்போது அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை கையில் இருந்தால் அவள் சத்தம் போட மாட்டாள். அவள் சத்தம் போட வேண்டும்.